நீலகிரியிலிருந்து ஜெர்மனியில் முதுகலை: எதை முதலில், எதை அடுத்து செய்வது

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இளங்கலை முடித்தவர்களுக்கும் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழி முதுகலைக்கு விண்ணப்பிப்பது பற்றி மட்டும் பேசுகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே இளங்கலையில் சேர நினைப்பவர்களுக்கு விதி வேறு. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி, அல்லது இங்கே ஓராண்டு கல்லூரிப் படிப்பு, இல்லையென்றால் அங்கே ஆயத்தக் கல்லூரி என்று அந்தப் பாதை போகும்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பட்டியலைத் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது வீட்டு அலமாரியில் இருக்கும் சான்றிதழ்களிலிருந்து. பின்னால் வரும் ஒவ்வொரு காகிதமும் முன்னால் இருப்பதைப் பார்த்து எழுதப்படுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிழை விசா வரைக்கும் கூடவே வரும்.

1. காலக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஜெர்மனியில் முக்கியமான சேர்க்கை குளிர்காலப் பருவத்துக்கு நடக்கும். வகுப்புகள் அக்டோபரில் தொடங்கும். கடைசித் தேதி பல இடங்களில் ஜூலை 15 என்று போட்டிருக்கும். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே மூடிவிடும் படிப்புகள் ஏராளம். ஜூலை 15-ஐ நம்பி ஜூன் மாதம் வருபவர்களுக்கு, அனுமதி கிடைத்தாலும் விசாவுக்கு நேரம் போதாது.

அதனால் முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் வேலையைத் தொடங்குங்கள். பெயர்த் திருத்தமும் பாஸ்போர்ட்டும் முதலில், அடுத்து கல்லூரிக் காகிதங்களும் ஆங்கிலத் தேர்வும், டிசம்பர் வாக்கில் ஏபிஎஸ் எனும் சான்றிதழ் சரிபார்ப்பு, ஜனவரி முதல் விண்ணப்பங்கள் என்று போகட்டும்.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் மண் சரிந்தால், கோத்தகிரி வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். தபாலும் தாமதமாகும். மே மாத சீசனில் மலைப்பாதை நெரிசல் தெரிந்ததே. கோவையில் காலை நேரத்துக்குத் தேர்வோ சந்திப்போ இருந்தால் முதல் நாளே இறங்கி அங்கே தங்கிவிடுங்கள்.

2. பெயரை ஒழுங்கு செய்யுங்கள்

இதற்கு அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள்.

நம் பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே விட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஜெர்மானியப் படிவங்களோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கும், இரண்டையும் நிரப்பாமல் மேலே போக விடாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஒவ்வொரு இணையதளத்திலும் ஒவ்வொரு மாதிரி நிரப்பிவிட்டு, கடைசியில் எந்தக் காகிதமும் இன்னொன்றோடு பொருந்தாமல் நிற்கிறார்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவது நல்லது.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டு. போஜன் என்ற பெயரை ஒரு சான்றிதழில் ‘எச்’ சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் எழுதியிருப்பார்கள். பெள்ளி என்ற பெயருக்குக் கடைசியில் ‘ஐ’ மட்டும் போடுபவரும் உண்டு, ‘ஐ ஈ’ போடுபவரும் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தா, அப்பா பெயர்கள் பழைய ஆவணங்களில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருக்கும். ஊரில் இது பெரிய விஷயமில்லை. அங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பள்ளிச் சான்றிதழில் பிழை என்றால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு நாளாகும், அதனால்தான் முதல் வேலையாகச் சொல்கிறேன். பெயரே மாறியிருந்தால் சென்னை எழுதுபொருள் அச்சுத் துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டும். இனிஷியல் விரிவு மட்டும்தான் வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, எல்லா விண்ணப்பத்தோடும் அதை இணைத்துவிடுங்கள்.

3. பாஸ்போர்ட்

நமக்குக் கோவை மண்டல அலுவலகம். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பெயர் சரியான பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்துவிட்டு மறுபடி மாற்றுவது இரட்டை வேலை.

காவல்துறை சரிபார்ப்புக்கு வரும்போது நீங்கள் இப்போது குடியிருக்கும் முகவரிதான் படிவத்தில் இருக்க வேண்டும். கோவையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே கோத்தகிரி முகவரியைக் கொடுத்தால், ஆள் இல்லை என்று திரும்பிப் போக வாய்ப்பு உண்டு.

4. கல்லூரிக் காகிதங்கள்

தேவையானவை: எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், தொகுப்பு மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டச் சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட் (பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரப்பூர்வ ஆவணம்), ஆங்கில வழியில் படித்தேன் என்ற சான்று, பாடத்திட்டப் புத்தகம். அரியர் வைத்து எழுதியிருந்தால் அந்தப் பட்டியல்களையும் சேருங்கள். மறைத்தால் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். அரியரை விட மறைத்ததுதான் பெரிய குற்றமாகும்.

டிரான்ஸ்கிரிப்டைத் தருவது பல்கலைக்கழகம், நீங்கள் படித்த கல்லூரி இல்லை. உதகை அரசு கலைக் கல்லூரியில் படித்தவர் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு இதைத் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். மலையிறங்கும் ஒரே நாளில் டிரான்ஸ்கிரிப்ட், தொகுப்புப் பட்டியல், தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று காட்டும் விளக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மனு கொடுத்துவிட்டு வாருங்கள்.

பாடத்திட்டத்தை விட்டுவிடாதீர்கள். “மதிப்பெண் பட்டியல் இருக்கே, சிலபஸ் எதுக்கு?” என்று கேட்பார்கள். நீங்கள் படித்த பாடம் அவர்கள் எதிர்பார்க்கும் பாடம்தானா என்று பேராசிரியர் குழு பார்ப்பது அதில்தான். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய பாடத்திட்டமாக இருக்க வேண்டும். இப்போது இணையதளத்தில் கிடைப்பது புதிய பாடத்திட்டமாக இருக்கலாம், ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

5. உங்கள் மதிப்பெண் அங்கே எவ்வளவு

அங்கே 1.0 மிகச் சிறப்பு, 4.0 வெறும் தேர்ச்சி. பல படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பு கேட்கும். மாற்றும் முறைக்குப் பவேரியச் சூத்திரம் என்று பெயர். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

நீங்கள் 76 சதவீதம், தேர்ச்சி மதிப்பெண் 40 என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ 60-ஆல் வகுத்தால் 0.4. மூன்றால் பெருக்கினால் 1.2. ஒன்றைக் கூட்டினால் 2.2. அதே 76 சதவீதம், ஆனால் தேர்ச்சி 50 என்றால் விடை 2.44. ஆகவே தேர்ச்சி மதிப்பெண் எது என்பது உங்கள் தகுதியையே மாற்றிவிடும். பாரதியாரின் கலை அறிவியல் இளங்கலையில் அது பொதுவாக 40, அண்ணா பல்கலைக்கழகத்தில் 50. பள்ளி ஞாபகத்தில் 35 போட்டுக் கணக்குப் பார்த்து ஏமாறாதீர்கள். 2.5 வேண்டுமென்றால் முதல் வகையினருக்கு 70 சதவீதம் போதும், இரண்டாம் வகையினருக்கு 75 வேண்டும்.

இன்னொரு கணக்கு, படிப்பின் அளவை எண்ணும் ஈசிடிஎஸ் எனும் கிரெடிட். அங்கே மூன்றாண்டு இளங்கலைக்கு 180. நான்கு பருவ முதுகலைகள் பொதுவாக 180 கேட்கும், மூன்று பருவ முதுகலைகள் 210 கேட்கும். மூன்றாண்டு பிஎஸ்சி படித்தவர்கள் இதைப் பார்க்காமல் 210 கேட்கும் படிப்புக்கு விண்ணப்பித்துப் பணத்தை விடுகிறார்கள். நம் மூன்றாண்டுப் பட்டத்தையே ஏற்காத துறைகளும் உண்டு, அதனால் ஒவ்வொரு படிப்பின் விதியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

அனாபின் என்ற தளத்தில் பல்கலைக்கழக அங்கீகாரத்தைப் பார்க்கலாம். எச் பிளஸ் என்றால் அங்கீகரிக்கப்பட்டது. “அண்ணா, எங்க காலேஜ் பேரே வரலையே” என்று கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி பதறிப் போய்க் கூப்பிட்டான். பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் தேட வேண்டும், இணைப்புக் கல்லூரியின் பெயரை அல்ல.

6. ஆங்கிலத் தேர்வு

ஐஇஎல்டிஎஸ்ஸில் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும், அதற்காக மிக முன்கூட்டியே எழுதிவிட வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பிறகு இந்தத் தேர்வு என்று நான் வரிசைப்படுத்தியது இதற்காகத்தான்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலை மழையில் கரண்ட் போவது சகஜம். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகளைத் தவிர்த்துக் கோவையில் மையத்துக்குப் போய் எழுதுங்கள். வீட்டுத் தேர்வை ஏற்காத பல்கலைக்கழகங்களும் உண்டு.

ஆங்கில வழிப் படிப்பு என்றாலும் ஜெர்மன் மொழியைக் கொஞ்சமாவது இங்கேயே தொடங்கிவிடுங்கள். அங்கே வீடு தேடவும் அலுவலகங்களில் பேசவும் அது தேவைப்படும்.

7. ஏபிஎஸ் சான்றிதழ்

2022 நவம்பர் 1 முதல், இந்திய மாணவர்கள் மாணவர் விசாவுக்கு இதைக் காட்ட வேண்டும். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று தில்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தருகிறது. கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே இதைக் கேட்பதால், அனுமதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

சில வாரங்களில் கிடைக்கலாம். ஆனால் அவர்கள் நம் பல்கலைக்கழகத்திடம் கேட்டு உறுதி செய்ய வேண்டி வந்தால் இழுக்கும். இங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே: அனுப்பும் நகல்கள் முழுமையாக, தெளிவாக, பெயர் பொருந்தி இருக்க வேண்டும். ஒரு பருவப் பட்டியல் விடுபட்டாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஜெர்மனிக்கு அது தேவையா என்று சொல்லாமலே சான்றிதழ்கள் அனைத்துக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான அரசு அத்தாட்சி) முத்திரை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர்கள் உண்டு. பல்கலைக்கழகம் எழுத்தில் கேட்டால் தவிர அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

8. படிப்பைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் பட்டியலுக்கு வர வேண்டும். மதிப்பெண், கிரெடிட், ஆங்கிலம் மூன்றும் கையில் இருப்பதால், நூறு படிப்புகளைப் பார்த்து மலைக்காமல் பொருந்துவதை மட்டும் சலித்தெடுக்கலாம். டிஏஏடி எனும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் ஆங்கில வழிப் படிப்புகளைத் துறை வாரியாகத் தேடலாம். அங்கே பார்த்ததை அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் மறுபடி சரிபாருங்கள், கடைசித் தேதி மாறியிருக்கலாம்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் எல்லா இடத்திலும் கட்டணமே இல்லை என்பது தவறு. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது, முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ. மற்ற இடங்களிலும் சிறிய பருவக் கட்டணம் உண்டு.

9. நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும்

நோக்க அறிக்கையை யாரிடமாவது வாங்கி வந்து பெயரை மாற்றாதீர்கள். படிப்பவர்கள் ஒரே வாக்கியத்தைப் பலரிடம் பார்த்திருப்பார்கள். நம்மிடம் எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது. தாவரவியல் படித்த பிள்ளை தேயிலையின் கொப்புள நோய் பற்றிச் செய்த புராஜெக்ட்டை எழுதலாம். சூழலியல் என்றால் சோலைப் புல்வெளியில் வாட்டில் மரம் பரவுவது, புவியியல் என்றால் மண்சரிவு. என்ன கேள்வி கேட்டேன், எப்படி அளந்தேன், எந்த இடத்தில் அறிவு போதவில்லை, அந்தக் குறையை இந்தப் படிப்பின் எந்தப் பாடம் தீர்க்கும் என்ற வரிசையில் எழுதினால் போதும். “சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்” என்று தொடங்க வேண்டாம்.

பரிந்துரை தரும் ஆசிரியரிடம் குறைந்தது மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கல்லூரி லெட்டர்ஹெட்டில், தேதியோடு, முடிந்தால் கல்லூரி மின்னஞ்சல் முகவரியோடு இருக்கட்டும். “மேடம், நீங்களே எழுதித் தாங்க” என்று மட்டும் சொல்லாமல், உங்கள் புராஜெக்ட் விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் உதவி.

10. விண்ணப்பம்

சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக வாங்கும், பல, வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தரும் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக வாங்கும். யூனி-அசிஸ்ட்டில் ஒரு பருவத்துக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றும் 30 யூரோ. சில இடங்கள் விபிடி எனும் முன்மதிப்பீட்டுச் சான்றை யூனி-அசிஸ்ட்டிடம் வாங்கி வந்து, பிறகு தங்களிடம் விண்ணப்பிக்கச் சொல்லும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

கடைசித் தேதிக்குள் கோப்பும் பணமும் அவர்களிடம் சேர்ந்திருக்க வேண்டும். கட்டணம் வராத விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்துவிட்டுச் சோதியுங்கள். கூட்டுறவு வங்கி அட்டைகள் பல இதற்கு உதவாது.

11. பணம்

முதலாண்டு செலவுக்கு முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் அங்கே போன பிறகு எடுக்கலாம். இது கட்டணமில்லை, உங்கள் பணம்தான்.

கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கும்போதுதான் நம் மாவட்டத்தின் சிக்கல் தெரியும். கூடலூர், பந்தலூரில் 1969 ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ல் சிக்கிய நிலங்களுக்குப் பட்டா இல்லை. தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருந்தாலும் வங்கி அதை எடுக்காது. பட்டா உள்ள தேயிலைத் தோட்டத்துக்கும் வங்கிகள் தயங்கும், ஏனென்றால் கடன் திரும்பாதபோது நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க உதவும் சர்ஃபேசி சட்டத்தை விவசாய நிலத்தின் மேல் பயன்படுத்த முடியாது. ஆகவே அனுமதிக் கடிதம் வரும் வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே வங்கிக்குப் போய் எந்தச் சொத்தை ஏற்பார்கள் என்று கேளுங்கள். அடமானம் இல்லாமல் எவ்வளவு தருவார்கள் என்பதையும், கோவையில் உறவினர் வீடு இருந்தால் அவர் பிணை நிற்க முடியுமா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையும், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில்தான் வாங்க வேண்டும், விசாரணைக்கு நாளாகும். அதை இரண்டாம் படியிலேயே பெயர்த் திருத்தத்தோடு சேர்த்துத் தொடங்குங்கள்.

சொந்தப் பணத்தை அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி டிசிஎஸ் எனும் வரியை அனுப்பும்போதே பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு அது இல்லை.

12. விசா

நாம் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறோம். 2025 முதல் மாணவர் விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கும் வசதி வந்திருக்கிறது. கோப்பு சரி என்று சொன்ன பிறகு, கைரேகைக்கும் மூல ஆவணங்களுக்கும் நேரில் போக வேண்டும். கட்டணம் 75 யூரோ.

2025 ஜூலை 1 முதல், மறுப்பு வந்தால் மறுபரிசீலனை கேட்டு எழுதும் பழைய வழி எடுக்கப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்குப் போட வேண்டும். இரண்டாம் வாய்ப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது பழைய தகவல். முதல் கோப்பே முழுமையாக இருக்கட்டும்.

அங்கே மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். ஆனால் அந்த வருமானத்தை முதலாண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், வேலை கிடைக்க மாதங்கள் ஆகலாம்.

13. கிளம்பும் முன்

மருத்துவக் காப்பீடு இல்லாமல் சேர்க்கை நடக்காது. பயணத்துக்கும் முதல் சில நாளுக்கும் தனியாக எடுத்துக்கொண்டு, அங்கே மாணவர் காப்பீட்டுக்கு மாறுங்கள்.

மூலச் சான்றிதழ்களைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள், சேர்க்கையின்போது கேட்பார்கள். பட்டச் சான்றிதழ் இன்னும் வராமல் தற்காலிகச் சான்றிதழோடு போகிறவர்கள், வீட்டில் ஒருவருக்கு அதை வாங்க அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் அடையாள அட்டை நகலோடு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அதில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்பதைத்தான்.